பித்தப்பையை அகற்றும் லேப்ராஸ்கோப்பி (சிறுதுளை அறுவை): கிளிப் போடும் முன் சரிபார்க்க வேண்டியவை

பித்தப்பையின் உச்சியை நோயாளியின் வலது தோள்பட்டைப் பக்கம் தூக்கிப் பிடியுங்கள். கழுத்துப் பகுதியை மட்டும் வலப்புறமும் கீழ்ப்புறமுமாக இழுங்கள். கழுத்தையும் மேல்நோக்கியே இழுத்தால் பித்தப்பையிலிருந்து வரும் சிறிய சிஸ்டிக் குழாயும், பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பெரிய பொதுப் பித்தக் குழாயும் ஒரே நேர்க்கோட்டில் வந்துவிடும். பெரிய குழாயைச் சிறியது என்று நம்பி வெட்டிவிடும் விபத்து பல நேரம் இங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து, ஈரலின் அடிப்பக்கத்தில் ரூவியர் பள்ளம் என்னும் இயற்கையான பிளவைத் தேடுங்கள். எல்லோருக்கும் தெளிவாகத் தெரியாது; தெரிந்தால் ஹுக் (திசுவைப் பிரிக்கும் கொக்கி வடிவக் கருவி) அந்தக் கோட்டுக்கு மேலேயே வேலை செய்யட்டும். பித்தப்பையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வான பெரிட்டோனியத்தை முன்புறம் திறந்ததோடு நிறுத்தாமல், கழுத்தைப் புரட்டிப் பின்புறமும் திறக்க வேண்டும்.

1995-இல் சர்ஜன் ஸ்ட்ராஸ்பெர்க்கின் குழு விளக்கிய மூன்று நிபந்தனைகளும் நிறைவேறும்வரை குழாயையும் தமனியையும் அடைக்கும் கிளிப்பைத் தொடாதீர்கள். சிஸ்டிக் குழாய், ஈரலிலிருந்து வரும் பித்தக் குழாய், ஈரலின் அடிப்பக்கம் ஆகியவற்றுக்கு இடைப்பட்ட முக்கோணத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் நீங்கியிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு ஈரலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். சிஸ்டிக் குழாய், சிஸ்டிக் தமனி என இரண்டே இரண்டுதான் பித்தப்பைக்குள் போக வேண்டும். மூன்றாவதாக ஒன்று தெரிந்தால் நிறுத்துங்கள். முன்புறத்தையும் பின்புறத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

பாதுகாப்பான இடத்தைப் பச்சையாகவும் ஆபத்தான இடத்தைச் சிவப்பாகவும் திரையில் காட்டும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வந்திருக்கின்றன. ரத்தமும் புகையும் லென்ஸை மறைத்தால் அவையும் தடுமாறும். இளம் சர்ஜன்களுக்கு அவை அதிகம் உதவுவது, முடிந்த அறுவையின் வீடியோவை மறுபடி பார்த்துப் படிக்கும்போதுதான் என்று கருதுகிறோம்.

அழற்சியால் முக்கோணமே கெட்டித்துப் போயிருந்தால் மூத்த சர்ஜனை உடனே கூப்பிடுங்கள். சோலாஞ்சியோகிராம் (பித்தக் குழாய்களில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) எடுக்கலாம், இல்லையேல் கற்களை எடுத்துவிட்டு, கழுத்துப் பகுதியை அப்படியே விட்டு, பித்தப்பையின் மீதியை மட்டும் அகற்றலாம்.