மின்சாரத்தில் கார்பன் புகையைக் குறைக்க நாடுகள் கைகோக்கின்றன: நடப்பதை எப்படிக் கண்காணிப்பது?

அறிவிப்புகள் ஏராளம். எது நடக்கிறது என்று தெரிய ஒரு கூகுள் ஷீட் போதும். எண்களைப் படமாக்கிக் காட்டும் டாஷ்போர்டு மென்பொருள் வேண்டாம் என்பது என் கட்சி. அதில் ஓர் எண் எங்கிருந்து வந்தது என்பதே மறைந்துவிடும்.

1. ஒரே ஓர் ஒப்பந்தத்தில் தொடங்குங்கள். நிலக்கரியிலிருந்து வெளிவரப் பணக்கார நாடுகள் நிதி தரும் ‘ஜெட்பி’ கூட்டணி நல்ல தொடக்கம். தென்னாப்பிரிக்காவுக்கு 2021இல் 850 கோடி டாலர், அடுத்த ஆண்டு இந்தோனேசியாவுக்கு 2,000 கோடி, வியட்நாமுக்கு 1,550 கோடி என்று அறிவித்தார்கள். காலத்தால் முந்தியது தென்னாப்பிரிக்கா. அதையே எடுங்கள்.

2. வாக்குறுதியைச் சொல் மாறாமல் தேதியோடு ஒட்டுங்கள். 2030க்குள் 11,000 ஜிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திறன் என்ற 2023 துபாய் காலநிலை மாநாட்டு உறுதிமொழி உலகம் முழுமைக்குமான இலக்கு. எந்த நாட்டின் பங்கு எவ்வளவு என்று அதில் இல்லை, அதனால் அதை ஒரு நாட்டின் வாக்காக எழுதாதீர்கள்.

3. அடுத்து பணம். பலரும் தடுமாறும் இடம் இதுதான், நிதானமாகச் செய்யுங்கள். அறிவித்தது, ஒப்புதல் பெற்றது, கைக்கு வந்தது என்று ஷீட்டில் மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) போடுங்கள். பக்கத்தில் மானியமா, சலுகைக் கடனா, வணிகக் கடனா, உத்தரவாதமா என்று குறியுங்கள். தென்னாப்பிரிக்காவின் முதல் 850 கோடியில் மானியம் சுமார் 4 சதவீதம்தான். பெரும்பகுதி திருப்பிக் கட்ட வேண்டிய கடன். உத்தரவாதம் என்பதோ, கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் மட்டும் வெளியே வரும் பணம். இவற்றையெல்லாம் ஒரே கூட்டுத்தொகையாக்கினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ஒரே கடன் நன்கொடை நாட்டின் பட்டியலிலும் வளர்ச்சி வங்கியின் பட்டியலிலும் வரலாம், அதனால் திட்டத்தின் பெயருக்கும் ஒரு பத்தி அவசியம்.

இன்னொன்று, ஷீட்டில் ஒருமுறை எழுதிய வரிகளை அழிக்காதீர்கள். 2025இல் அமெரிக்கா இந்த மூன்று கூட்டணிகளிலிருந்தும் விலகியது. அந்த வரியை அப்படியே விட்டு, ‘விலகல்’ என்று தேதி போடுங்கள். கைவிட்ட வாக்கும் கணக்கில் தெரிய வேண்டும்.

4. சரி, மின்சாரம் மாறியதா? நாடுகளின் மின் உற்பத்தித் தரவைத் திரட்டும் எம்பர் அமைப்பு இலவசமாகத் தரும் சிஎஸ்வி கோப்பை (ஷீட்டில் அப்படியே திறக்கும்) இறக்குங்கள். நிறுவுதிறனை, அதாவது நிலையம் அதிகபட்சம் தரக்கூடிய திறனை, மட்டும் பார்க்காதீர்கள். 1,000 மெகாவாட் நிலையம் ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினால் 8.76 டெராவாட் மணி (ஒரு டெராவாட் மணி என்பது 100 கோடி யூனிட்). சூரிய மின்சாரத்தில் 20 சதவீதப் பயன்பாடு என்று வைத்தால் 1.75தான் வரும். நிலக்கரி மின்நிலையங்களின் அலகுகள் மூடப்பட்டனவா என்பதற்கு, அவற்றைப் பட்டியலிடும் குளோபல் எனர்ஜி மானிட்டர் அமைப்பின் பட்டியல்தான் என் தேர்வு. அலகு அலகாகப் பார்க்கலாம்.

பின்சேர்க்கை: நிலக்கரியின் பங்கு குறைந்தும் புகை ஏன் குறையவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மொத்தத் தேவை கூடினால் அப்படி ஆகும். சதவீதத்தோடு டெராவாட் மணியையும், ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு என்பதையும் சேர்த்து வையுங்கள். அப்புறம், அண்டை நாட்டிலிருந்து வாங்கும் மின்சாரத்தின் புகை விற்ற நாட்டின் கணக்கில்தான் ஏறும். நிகர இறக்குமதிக்கும் (வாங்கியதில் விற்றதைக் கழித்தது) ஒரு பத்தி போட்டுவிடுங்கள்.