ஓடவிட்டுப் பிடிக்கும் ரீல்: என் அனுபவம்

திருகோணமலை உட்துறைமுகத்தில் இரவில் சூடை மீனைக் கோர்த்துப் போடுவேன். பாரை வந்து கவ்வும். தங்கூசி (தூண்டில் நூல்) இறுகியதும் துப்பிவிட்டுப் போய்விடும். ரீலில் நூல் ஓடுவதைத் தடுக்கும் பிடியான டிராக்கைத் தளர்த்தினால் கொக்கி ஏறாது. இறுக்கி வைத்த ஓர் இரவு தடியே கடலுக்குள் போனது. இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

அப்புறம்தான் பெய்ட்ரன்னர் வகை ரீல் வாங்கினேன். பின்பக்க நெம்புகோலைத் தள்ளினால் நூல் சுற்றியிருக்கும் ஸ்பூல் முதன்மை டிராக்கிலிருந்து விடுபட்டு லேசாகச் சுழலும். மீன் இரையோடு ஓடலாம். கைப்பிடியைச் சுற்றினால் 'டக்' என்று முதன்மை டிராக் பிடிக்கும்.

முதல் நாள், அந்த லேசான சுழற்சியின் இறுக்கத்தை மாற்றும் பின்குமிழை மிகவும் தளர்த்திவிட்டேன். நீரோட்டமே தங்கூசியை இழுத்து ஸ்பூலில் ஒரே சிக்கல். இப்போது நீரோட்டத்துக்கு அசையாமல், இரண்டு விரலால் மெல்ல இழுத்தால் மட்டும் வரும் அளவுக்கு வைக்கிறேன். முதன்மை டிராக்குக்குத் தங்கூசியைக் கொழுவித் தராசில் மாட்டி இழுத்துப் பார்ப்பதுதான் சரி: 10 கிலோ தாங்கும் தங்கூசி 2.5 கிலோ இழுப்பில் ஓடத் தொடங்க வேண்டும்.

கடையில் நெம்புகோலைப் பத்துத் தடவை தட்டிப் பாருங்கள். ஒரு தடவை வழுக்கினாலும் அந்த ரீல் வேண்டாம். உள்வளைந்த கொக்கி (circle hook) போட்டால் தடியை வெட்டி இழுக்காதீர்கள், கைப்பிடியைச் சுற்றினாலே வாய் ஓரத்தில் ஏறிவிடும்.