கல்லூரிக் கணிதத் தேர்வு: வினா எடுப்பதிலும் விடை திருத்துவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"லெக்ராஞ்சியின் தேற்றத்தைக் கூறி நிறுவுக" என்று கேட்டால் வகுப்பில் பலர் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அவர்களிடமே, "12 உறுப்புகள் உள்ள ஒரு குலத்துக்கு 5 உறுப்புகள் கொண்ட உட்குலம் இருக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். பேனா நின்றுவிடும். குலம் (group) என்பது ஒரு செயலியோடு சில விதிகளுக்கு உட்பட்ட உறுப்புகளின் தொகுப்பு, அதற்குள் அடங்கும் சிறு குலம் உட்குலம். முடிவுறு குலத்தில் உட்குலத்தின் உறுப்பு எண்ணிக்கை குலத்தின் உறுப்பு எண்ணிக்கையை மீதியின்றி வகுக்கும் என்பதே அந்தத் தேற்றம். 5 என்பது 12-ஐ வகுக்காது, ஆகவே இருக்காது. ஒரே வரி விடை, அதுவும் அவர்கள் இப்போதுதான் நிறுவிய தேற்றத்திலிருந்தே வருவது!

வினாத்தாளைப் புத்தகத் தேற்றங்களால் நிரப்புவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. மனப்பாடம் எவ்வளவு என்று மட்டும்தான் அது காட்டும். நிரூபணமே கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. கேளுங்கள், கூடவே "குலம் முடிவுறு குலம் என்பது எந்த வரியில் பயன்பட்டது?" என்றும் கேளுங்கள். அப்புறம், "6 உறுப்புகள் கொண்ட உட்குலம் கட்டாயம் இருக்குமா?" 6 வகுக்கும், ஆனாலும் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்களால் (இரட்டைப்படை எண்ணிக்கையில் இடமாற்றங்கள் செய்து கிடைப்பவை) ஆன குலத்தில் 12 உறுப்புகள் உண்டு, 6 உறுப்பு உட்குலம் கிடையாது. மறுதலை, அதாவது "வகுத்தால் உட்குலம் இருக்கும்" என்பது, பொய்யாகலாம் என்று உணர்ந்த பிள்ளைக்குத்தான் தேற்றம் பிடிபட்டிருக்கிறது.

திருத்தும்போது கடைசி வரியை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. 1/n² தொடரைப் பற்றி ஒரு மாணவர், "உறுப்புகள் பூச்சியத்தை நெருங்குகின்றன, ஆகவே தொடர் ஒருங்கும்" என்று எழுதுகிறார். ஒருங்கும் என்றால் கூட்டுத்தொகை ஓர் எண்ணை நெருங்கி நிற்கும் என்று பொருள். முடிவு சரி, காரணம் தவறு. அதே காரணத்தை 1/n-க்குச் சொன்னால் முடிவும் தவறாகிவிடும், ஏனென்றால் அந்தத் தொடர் விரியும், அதாவது கூட்டுத்தொகை எல்லையின்றி வளரும். இன்னொருவர் முறையெல்லாம் சரியாகச் செய்து, ஒரு கழித்தல் குறியை விட்டுவிடுகிறார். முன்னவருக்கு முழு மதிப்பெண்ணும் பின்னவருக்குப் பூச்சியமும் போடுவது அநியாயம். எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்பதைத் திருத்த உட்காரும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காவிரி டெல்டாவில் இன்னொரு சிக்கல், நவம்பர் மழை. நாகை, திருவாரூர் பக்கம் விடுமுறை அடுத்தடுத்து வரும். இன்டர்னல் தேர்வு தள்ளிப்போய், திருத்திய தாள் செமஸ்டருக்கு முதல் வாரம்தான் கைக்கு வரும். தவறு தெரிந்தும் திருத்திக்கொள்ள நாள் இருக்காது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம், ஒரே கேள்வி, துண்டுக் காகிதம் போதும். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லாத் தலையும் ஆடும். பார்த்து எழுதும் அசைன்மென்டும் அப்படித்தான்.

கடைசியாக, மொழி. ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் 1904-ல் சேர்ந்து, கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். அங்கே ஆங்கிலம் தனிப்பாடம். இங்கே கணிதத் தாளுக்குள்ளேயே ஆங்கிலம் உட்கார்ந்திருக்கிறது. பாபநாசத்திலிருந்தும் நீடாமங்கலத்திலிருந்தும் பஸ் பிடித்து வரும் தமிழ்வழிப் பிள்ளை வெற்றுத் தாளைக் கொடுத்தால், கணிதம் தெரியவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கரும்பலகைக்கு அழைத்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சார்பின் தொடர்ச்சிக்கான வரையறையை (எப்சிலான் என்ற எந்த மிகை எண்ணைக் கொடுத்தாலும் அதற்கேற்ற டெல்டா என்ற மிகை எண் கிடைக்க வேண்டும் என்பதே அதன் சாரம்) எழுதாமல் விட்ட ஒரு மாணவி என்னிடம் சொன்னார்: "எப்சிலானை நீங்க குடுங்க சார், அதுக்கேத்த டெல்டாவை நான் தர்றேன்."