தலைப்பு மட்டும் வெள்ளையாக வந்தபோது

ஸீலேடெக் (XeLaTeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் ஒரு தொழில்நுட்பக் கையேடு. மெயின்ஃபான்ட், அதாவது முதன்மை எழுத்துரு, நோட்டோ செரிஃப் தமிழ். பத்திகள் அழகாக வந்தன. தலைப்பு இருக்க வேண்டிய இடத்திலோ '3.2' என்ற எண் மட்டும் அநாதையாக நின்றது. இடைவெளி அளவுகளை மாற்றி மாற்றி ஒரு மாலையே வீணானது. கடைசியில் மென்பொருள் எழுதிவைக்கும் லாக் கோப்பைத் திறந்தால், லத்தீன் மாடர்ன் சான்ஸ் என்ற எழுத்துருவில் 'த' இல்லை, 'க' இல்லை என்று வரிவரியாகப் புலம்பியிருக்கிறது! நான் எடுத்திருந்தது கோமா (KOMA-Script) வகுப்பு, அதாவது ஆவணத்தின் வடிவமைப்பைத் தீர்மானிக்கும் வார்ப்புரு. அது தலைப்புகளுக்கு சான்ஸ் (முனைக்கோடு இல்லாத) எழுத்துருவைத்தான் தேடும். அதைக் குறிக்கும் செட்சான்ஸ்ஃபான்ட் கட்டளையில் நோட்டோ சான்ஸ் தமிழைக் கொடுத்தேன். தலைப்பு வந்தது, ஆனால் 'தொகுப்பு' என்பதில் கொம்பு இடம் மாறியிருந்தது. அந்தக் கட்டளையில் ஸ்கிரிப்ட்=தமிழ் என்று சேர்த்ததும் சரியானது. அப்புறம் தலைப்புகளைச் சிறிதாக்கும் ஹெடிங்ஸ்=ஸ்மால் போட்டேன்; நம் சொற்களின் நீளத்துக்கு அதுதான் தோது.