பழைய மடிக்கணினிக்கு இலகுவான உலாவி: அளந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை

அக்கா மகளின் மடிக்கணினியில் ரேம் என்ற நினைவகம் 4 ஜிபிதான். கல்லூரி விண்ணப்பத்தைப் பாதி நிரப்பியிருந்தபோது திரை உறைந்துபோய், தட்டியதெல்லாம் அழிந்துவிட்டது. கண்கலங்கி நின்றாள். புதுக் கணினி வாங்கிவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. வேண்டாம், ஒரு மாலைப்பொழுது கொடுங்கள் என்றேன். அன்று செய்ததை அப்படியே வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'மெமரி' என்ற தலைப்பைச் சொடுக்கினால், நினைவகத்தை அதிகம் தின்பது மேலே வரும். நீங்கள் தினமும் பார்க்கும் ஐந்து தளங்களை உலாவியில் (பிரவுசரில்) திறந்து, உலாவியின் பெயருக்கு நேரே காட்டும் மெமரி எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இது முக்கியம். நிறுவும் கோப்பு சிறியதாக இருந்தால் உலாவியும் இலகுவாக ஓடும் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

அடுத்து, உலாவிக்குள் இருந்தபடியே ஷிப்ட், எஸ்கேப் இரண்டையும் அழுத்துங்கள். குரோமிலும் பயர்பாக்ஸிலும் எந்த டேப் எவ்வளவு இழுக்கிறது என்று தனித்தனியாகக் காட்டும். அவள் கணினியில் பட்டியலின் உச்சியில் இருந்தது, மூன்று நாள்களுக்கு முன் திறந்து மறந்துபோன ஒரு செய்திப் பக்கம். அதன் ஓரத்தில் விளம்பர வீடியோ ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. எடை பெரும்பாலும் உலாவியில் இல்லை, பக்கங்களில் இருக்கிறது என்பது அப்போது அவளுக்கே புரிந்தது.

படி 2: எஞ்சினைப் பாருங்கள்

இணையப் பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் உள்பகுதிதான் எஞ்சின். குரோம், எட்ஜ், பிரேவ், விவால்டி எல்லாவற்றுக்கும் உள்ளே ஓடுவது பிளிங்க் என்ற ஒரே எஞ்சின். பயர்பாக்ஸுக்கு கெக்கோ. ஆகவே குரோமிலிருந்து எட்ஜுக்கு மாறினால் அதிசயம் எதுவும் நடந்துவிடாது.

விருப்பப்படி மாற்றியமைக்க விவால்டிக்கு நிகர் இல்லை. ஓபரா என்ற உலாவியை உருவாக்கியவர்களுள் ஒருவர் தொடங்கியது. முதல் முழுப் பதிப்பு 2016-இல் வந்தது. ஆனால் வசதிகள் கூடக் கூட எடையும் கூடுகிறது. 4 ஜிபி கணினிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கேடிஇ என்ற மென்பொருள் குழுவின் ஃபால்கன் உலாவியைப் பார்க்கலாம். பேல் மூன் என்ற உலாவி பழைய கணினிகளில் நன்றாக ஓடும், ஆனால் புதிய தளங்கள் பல அதில் சரியாகத் திறக்காது.

வங்கி வேலைக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தவறாமல் வரும் உலாவி மட்டுமே கூடும். இதில் சமரசம் வேண்டாம். விண்டோஸ் 7-இல் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாங்கள் பயர்பாக்ஸை எடுத்துக்கொண்டோம். அதன் மெனுக்களைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம்.

படி 3: விளம்பரத் தடுப்பான்

யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியை (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருளை) நிறுவுங்கள். இலவசம். 2025-இல் குரோம் பழைய நீட்சி முறையைக் கைவிட்ட பிறகு அங்கே இதன் சுருங்கிய 'லைட்' வடிவம்தான் ஓடுகிறது. பயர்பாக்ஸில் முழு வடிவமும் உண்டு. இப்போது அதே ஐந்து தளங்களைத் திறந்து, முதலில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். இந்த ஒன்றைத் தவிர வேறு நீட்சிகளை அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றும் நினைவகத்தில் பங்கு கேட்கும்.

படி 4: உங்கள் கைக்கு ஏற்றபடி

பயர்பாக்ஸின் மேலே உள்ள கருவிப்பட்டையின் காலியிடத்தில் வலது சொடுக்கி, 'கஸ்டமைஸ் டூல்பார்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தேவையற்ற பொத்தான்களைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டால் போதும். தயங்க வேண்டாம், அங்கேயே 'ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ்' இருக்கிறது. எது குழம்பினாலும் பழையபடி ஆகிவிடும். திரை உயரம் குறைவாக இருந்தால் செட்டிங்ஸில் டேப்களை இடப்பக்கம் செங்குத்தாக அடுக்கிக்கொள்ளலாம். பயர்பாக்ஸின் 136-ஆம் பதிப்பில் வந்த வசதி இது. படிக்கும் இடம் கண்ணுக்குத் தெரிந்தே பெருகும்.

140-ஆம் பதிப்பிலிருந்து, டேப்பின் மீது வலது சொடுக்கினால் 'அன்லோட் டேப்' என்றும் வருகிறது. டேப் மூடாமல் அப்படியே இருக்கும், நினைவகம் மட்டும் விடுபடும். மூடவே மனம் வராதவர்களுக்கு இது பெரிய உதவி.

படி 5: பழையது தானாக எழாமல் செய்யுங்கள்

புக்மார்க்குகளைப் புதிய உலாவிக்குள் இறக்கிக்கொண்ட பிறகு, மீண்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போங்கள். பழைய உலாவியின் பெயர் அங்கே இருந்தால் 'டிஸேபிள்' கொடுங்கள். கணினியை ஒரு முறை அணைத்துப் போட்டுவிட்டு, விண்ணப்பத்தைத் திறக்கலாம்.