மையர் என்ற ஜெர்மன் குடும்பப்பெயர்: வரலாறு தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முல்லர் என்றால் மாவு ஆலைக்காரர், ஷ்மிட் என்றால் கொல்லர் என்று அகராதி ஒரே வரியில் சொல்லிவிடும். மையர் என்ற பெயருக்கும் அத்தகைய ஒரு வரிப் பொருளை நம்புவதுதான் முதல் தவறு.

இப்பெயரை மாநகர மேயரோடு சேர்த்துப் பொருள் கொள்வோர் உண்டு. வேதியியல் பாடத்தில் இதே குடும்பப்பெயர் கொண்ட அறிஞரை லோதர் மேயர் என்று படித்த நமக்கு அந்த மயக்கம் இன்னும் எளிது. இரண்டும் 'பெரியவர்' எனப் பொருள்படும் மாயோர் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தவையே. ஆனால் நகரத் தலைவரை ஜெர்மானியர் பூர்கர்மைஸ்டர் என்பர். மையர் என்பவர், இடைக்காலத்தில் நிலப்பிரபுவுக்கோ மடத்துக்கோ உரிய பண்ணையை மேற்பார்த்து, குடியானவர்களிடம் வாரம் எனும் விளைச்சல் பங்கை வசூலித்த காரியஸ்தர். பிற்காலத்தில், குறிப்பாக வடமேற்குப் பகுதிகளில், பெரிய பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து உழுதவருக்கும் அதே சொல் வழங்கியது. ஆகவே ஊரும் நூற்றாண்டும் தெரியாமல் மூதாதையின் தொழிலை முடிவு செய்வது ஊகமே.

எழுத்தை வைத்துக் குடும்பங்களைப் பிரிப்பது மற்றொரு தவறு. நடுவில் ஏ-ஐ, ஏ-ஒய் வருவது (Maier, Mayer) தெற்கிலும், இ-ஒய் வருவது (Meyer) வடக்கிலும் மிகுதி என்பது உண்மைதான். எனினும் 1876இல் ஜெர்மானியப் பேரரசு முழுவதும் குடிமைப் பதிவு நடைமுறைக்கு வருவதற்கு முன், பாதிரியார் காதில் விழுந்தபடியே எழுதியதால், ஞானஸ்நானப் பதிவில் ஒரு விதமாகவும் திருமணப் பதிவில் வேறு விதமாகவும் ஒரே மனிதர் காணப்படலாம்.

வம்சாவளியையே முறித்துவிடும் தவறு, பெயர் எப்போதும் தந்தைவழியே வந்தது என்று கொள்வது. வடமேற்கு ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் பெயர் பண்ணையைச் சார்ந்திருந்தது. பண்ணைக்கு உரிமையுள்ள பெண்ணை மணந்து அங்கே குடியேறிய ஆண், தன் பெயரை விட்டுப் பண்ணையின் பெயரை ஏற்றான். பிள்ளைகளும் அதையே பெற்றனர். இதை அறியாதவர், மருமகனை மகன் என்று எண்ணி, அவனுக்குத் தொடர்பே இல்லாத தலைமுறைகளில் அவன் பெற்றோரைத் தேடிக்கொண்டிருப்பார்.

யூதக் குடும்பங்களில் இது பெரும்பாலும் தொழிற்பெயரே அன்று. 'ஒளி தருபவர்' எனப் பொருள்படும் மெயிர் என்ற ஹீப்ரு ஆண்பெயரே ஜெர்மன் வடிவம் பெற்றது. ஆஸ்திரியாவில் 1787இலும் பிரஷ்யாவில் 1812இலும் யூதர் நிலையான குடும்பப்பெயர் ஏற்க வேண்டுமென ஆணை வந்தபோது, ஏற்கெனவே புழங்கிய அப்பெயர் பலருக்குக் கைகொடுத்தது. பின்னர் இஸ்ரேல் பிரதமரான கோல்டா, மையர்சன் என்ற தம் பெயரை 1956இல் மெயிர் என்று மாற்றியபோது, அது மீண்டும் ஹீப்ரு வடிவத்தை அடைந்தது.