மலையூர்த் திருமணத்திற்கு ஆராதனை நிரலை வீட்டிலேயே தயாரிக்கும் முறை

குன்னூர், கோத்தகிரிப் பகுதித் தேவாலயங்களில் நடைபெறும் திருமணங்களில் வாசலில் விருந்தினருக்கு வழங்கப்படும் ஆராதனை நிரலை, அதாவது வழிபாட்டின் வரிசையும் பாடல்களும் அச்சிட்ட சிறு கையேட்டை, அச்சகத்திற்குச் செல்லாமல் வீட்டிலேயே தயாரித்துவிடலாம். கணினி, பிரிண்டர், ஸ்டீல் ஸ்கேல், தடித்த ஊசி, நூல் ஆகியவை போதும். ஆனால் இம்மலைச் சரிவில் வடகிழக்குப் பருவமழையே வலுவாகப் பெய்வதால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திருமணம் வைத்திருப்பவர்கள் அலங்காரத்தைக் காட்டிலும் ஈரத்தைப் பற்றியே அதிகம் யோசிக்க வேண்டியிருக்கும்.

முதலில் திருமணத்தை நடத்திவைக்கும் ஆயரிடம் (போதகரிடம்) ஆராதனையின் வரிசையை எழுதி வாங்குங்கள். பவனி, ஆரம்ப ஜெபம், பாமாலை, வேதபாடம், உடன்படிக்கை, தாலி கட்டுதல், தேவசெய்தி, பதிவேட்டில் கையொப்பம், ஆசீர்வாதம் ஆகியவற்றின் ஒழுங்கு சபைக்குச் சபை மாறும் என்பதால், வேறொரு திருமணத்தின் நிரலைப் பார்த்து எழுதுவது சரியாக வராது. மணமக்களின் பெயர்கள் ஓலையில், அதாவது திருமணத்திற்கு முன் தேவாலயத்தில் வாசிக்கப்படும் அறிவிப்பில், உள்ள அதே எழுத்துகளில் இருக்கட்டும். பிற சமயத்து நண்பர்கள் பாட்டுப் புத்தகத்துடன் வருவதில்லை. ஆகவே பாடலின் எண்ணோடு நிறுத்தாமல் எல்லா வரிகளையும் அச்சிட வேண்டும்.

நான்கின் மடங்காகப் பக்கங்களை அமைத்தால்தான் மடிப்பு ஒழுங்காக வரும். எட்டுப் பக்கங்களுக்கு இரண்டு ஏ4 தாள்கள் தேவை. வெளித்தாளின் ஒரு புறத்தில் இடப்பக்கம் 8, வலப்பக்கம் 1. மறுபுறத்தில் 2, 7. உள்தாளின் ஒரு புறத்தில் 6, 3. மறுபுறத்தில் 4, 5. பிரிண்டரில் ‘புக்லெட்’ என்ற தேர்வு இருந்தால் அதுவே இந்த வரிசையை அமைத்துக்கொள்ளும். இல்லையெனில் ஒரு வெற்றுத்தாளை மடித்து, எண்களைப் பென்சிலால் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். நிர்மலா, லதா போன்ற யூனிகோட் எழுத்துருக்களில் 13 அல்லது 14 புள்ளி அளவு வேண்டும், ஏனெனில் பழைய தேவாலயங்களில் வண்ணக் கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்தில் முதியவர்களால் பொடி எழுத்தைப் படிக்க முடியாது. ஜெராக்ஸ் கடையில் அச்சிடுவதாக இருந்தால் பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துச் செல்லுங்கள். வேறு கணினியில் திறக்கும்போது எழுத்துகள் சிதையாமல் இருக்கும்.

தாள் விஷயத்தில் உள்தாளுக்கு 100 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), வெளித்தாளுக்கு 180 ஜி.எஸ்.எம். போதுமானது. சமவெளித் திருமணங்களில் நிரலே விசிறியாகவும் பயன்படும். இங்கே அந்த வேலை இல்லாததால் அதற்கு மேல் தடிமன் வீண். மூடுபனியில் திறந்து வைத்த தாள் ஈரத்தை உறிஞ்சி அலையலையாக வளைந்து பிரிண்டருக்குள் சிக்கும் என்பதால், அச்சிடும் நேரம் வரை கட்டைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருங்கள். இங்க்ஜெட்டின் சாய மை, குடையிலிருந்து சொட்டும் ஒரு துளி நீரிலேயே கலைந்துவிடும். லேசர் அச்சு கலையாது. வீட்டில் இங்க்ஜெட் மட்டுமே இருந்தால், வடிவமைப்பை வீட்டில் முடித்து, அச்சை மட்டும் கடையில் லேசரில் எடுப்பதே நல்லது.

ஏ4 தாளின் இழைகள் பெரும்பாலும் அதன் நீளவாக்கில் ஓடுவதால், பாதியாக மடிக்கும்போது மடிப்பு இழைகளுக்குக் குறுக்கே விழுந்து, தடித்த தாளில் வெடிப்பு தெரியும். இதைத் தவிர்க்க, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேலை ஒட்டி நடுவில் அழுத்தமாகக் கோடிழுத்து, பிறகு மடித்து, கரண்டியின் முதுகால் தேய்த்துவிடுங்கள்.

சாதாரண ஸ்டேப்ளர் நடுமடிப்பு வரை எட்டாது. நூலே சிறந்தது, பார்வைக்கும் அழகு. மடிப்பில் மூன்று துளைகளிட்டு, நடுத்துளை வழியே உள்ளிருந்து வெளியே சென்று, மேல்துளையில் உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியேறி, மீண்டும் நடுத்துளையில் உள்ளே வந்து முடிச்சிடுங்கள்.

தைத்தவற்றை ஓர் இரவு பலகைக்கு அடியில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றிவிட்டு, மறுநாள் செய்தித்தாள் விரித்த டிரங்குப் பெட்டியில் அடுக்குங்கள். இருவருக்கு ஒன்று என்று கணக்கிட்டால் போதும். பியானோ வாசிப்பவருக்கு மட்டும் தைக்காத தாள்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு முன்கூட்டியே கொடுங்கள். தைத்த நிரல் இசைத்தாங்கியில் தானாக மூடிக்கொள்ளும்.